மைனிக்கு, அண்ணனோட மூளைக்கட்டிக்கு கரண்டு (கதிர்வீச்சு) வச்சு முடிஞ்ச பொறவு எடுத்த முதல் ஸ்கேன் பத்தி

மைனி,

நேத்து ராத்திரி நீங்க போன்ல அழுதப்போ எனக்கு பேச்சே வரல, அதான் எழுதுதேன். வீட்டுக்கு வந்து சொன்னா நானும் சேந்து அழுதிருவேன். எல்லாரும் பாக்குற எடத்துல எதுக்கு போடுதேன்னா, இதே மாதிரி ரிப்போர்ட்ட கையில வச்சுகிட்டு தூங்காம கெடக்கிற வேற யாராவது இத வாசிச்சா வாசிக்கட்டும்.

"பெருசாயிருக்குன்னு போட்டிருக்கு தம்பி, ஆறு வாரம் கரண்டு வச்சதெல்லாம் வீணா?" இதையே திருப்பித் திருப்பி கேட்டீங்க. ஸ்கேன் எடுத்த எடத்துல ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லாம வாட்ஸப்புல ரிப்போர்ட்ட மட்டும் தள்ளிவிட்டது பெரிய தப்பு, தக்கலை பஸ் ஸ்டாண்டுல நின்னுகிட்டு தனியா அத வாசிச்சிருக்கீங்க, நெனைச்சாலே எனக்கு வயிறு எரியுது.

வீணான்னு இப்ப யாருக்கும் தெரியாது மைனி. பன்னெண்டு வருசமா எம்ஆர்ஐ மெஷின் பக்கத்துலயே நிக்கிற எனக்கும் தெரியாது. ஆனா அந்த ஒரு வரிய வச்சு முடிவு கட்டக்கூடாதுன்னு மட்டும் நல்லா தெரியும்.

படத்துல வெள்ளையா தெரியுதுல்ல, அது கட்டியோட போட்டோ இல்ல. ஸ்கேன் எடுக்கும்போது கையில ஒரு மருந்து போடுவோம், கடோலினியம். மூளையில ரத்தக்குழாய்க்கு ஒரு காவல் உண்டு, கண்டதையும் வெளிய விடாது. எங்க அந்த காவல் உடைஞ்சிருக்கோ அங்க மருந்து கசியும், கசிஞ்ச எடம் வெள்ளையா தெரியும். கட்டி இருந்தாலும் கசியும், ஆறு வாரத்துல 30 தடவையா மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சோட அளவு) கரண்டு வாங்கி வெந்து வீங்கி கெடக்கிற எடமும் கசியும், சாதா எம்ஆர்ஐல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இப்படி வீங்கி கட்டி வளந்த மாதிரி ஏமாத்துறதுக்கு சூடோ புரோகிரஷன்னு பேரு, பொய் வளர்ச்சி. அபூர்வமெல்லாம் இல்ல, கரண்டும் டெமோசோலமைடுங்கிற கேன்சர் மாத்திரையும் சேத்து எடுக்கிறவங்கள்ல நெறைய பேருக்கு வரும். 2010-ல மூளைக்கட்டி டாக்டர்மாரு சேந்து போட்ட ரானோ விதியிலயே இருக்கு, கரண்டு முடிஞ்சு 12 வாரத்துக்குள்ள, கரண்டு பட்ட எடத்துக்குள்ளயே வெள்ளை கூடுனா அத மட்டும் வச்சு கட்டி வளந்துட்டுன்னு சொல்லக்கூடாதுன்னு. வெளிய புதுசா தெரியணும், இல்லன்னா சதை எடுத்து பரிசோதிச்சு தெரியணும். அண்ணனுக்கு இப்ப அஞ்சாவது வாரம்தான் ஆவுது.

அப்ப எப்படி பிரிச்சு பாக்குறது? அதுக்குத்தான் பெர்ஃபியூஷன். நம்ம புத்தனாறு சானல நெனைச்சுக்கோங்க. கட்டி உயிரோட வளரணும்னா அதுக்கு ரத்தம் வேணும், அதனால சானல்ல கள்ள மடை வெட்டி தண்ணி இழுக்கிற மாதிரி புதுசு புதுசா ரத்தக்குழாய் உண்டாக்கிக்கும். வெந்து வீங்குன எடத்துல தண்ணி தேங்கி நிக்கும், ஓட்டம் இருக்காது. மருந்து உள்ள போற அந்த ஒரு நிமிசத்துல எங்க எவ்வளவு ரத்தம் ஓடுதுன்னு அளந்து சொல்றதுதான் பெர்ஃபியூஷன். ரத்த அளவு கூடுதலா இருந்தா கட்டின்னு சந்தேகம், கம்மியா இருந்தா வீக்கமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

இன்னொண்ணு டிஃபியூஷன். மண்டைக்காடு கொடைக்கு போனா கூட்டத்துல காலு நகத்த முடியாதுல்ல, கூட்டம் கலைஞ்ச பொறவு பிள்ளைங்க அதே மணல்ல ஓடியாடும். கட்டியில செல்லு நெருக்கமா இருக்கும்போது தண்ணி அசைய எடம் கெடைக்காது, சிகிச்சையில செல்லு செத்து எடம் விட்டா தண்ணி தாராளமா அசையும். அந்த அசைவத்தான் மெஷின் அளக்குது. அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டிக்காரங்க 2005-லயே இத வச்சு கரண்டு நடந்துகிட்டிருக்கும்போதே, மூணாவது வாரத்துலயே ஸ்கேன் எடுத்து, யாருக்கு சிகிச்சை கேக்குது யாருக்கு கேக்கலன்னு முன்கூட்டி சொல்ல முடியும்னு காட்டுனாங்க. பொறவு ரத்த ஓட்டத்தையும் அதே மாதிரி எடத்துக்கு எடம் ஒப்பிட்டு பாத்தாங்க. மொத்தமா சராசரி எடுத்தா தெரியாதது, புள்ளி புள்ளியா பழைய படத்தோட வச்சு பாத்தா தெரிஞ்சுது. எனக்கு இந்த வேலையில ரொம்ப பிடிச்ச விசயமே இதுதான். ஸ்பெக்ட்ராஸ்கோபின்னும் ஒண்ணு உண்டு, அந்த எடத்துல என்னென்ன வேதிப்பொருள் இருக்குன்னு மெஷின்லயே பாக்குறது, அது இப்ப வேணுமான்னு டாக்டர் சொல்லட்டும்.

ஆனா மைனி, ஒங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். இதுவும் ஜோசியம் இல்ல. ஒரே எடத்துல பாதி வீக்கமும் பாதி கட்டியும் கலந்து கெடக்கும், அப்ப எந்த மெஷினும் தடுமாறும். ஒரு மெஷின் நம்பரும் இன்னொரு மெஷின் நம்பரும் ஒத்துக்காது. அதனால முடிஞ்ச வர முன்னாடி எடுத்த அதே எடத்துல எடுக்கணும்.

பழைய ஸ்கேன் பிலிம் மட்டும் பத்தாது, சிடி வேணும். ஆபரேசனுக்கு முன்னாடி உள்ளது, பின்னாடி உள்ளது, கரண்டு பிளான் போட எடுத்தது, எல்லாம். எம்ஜிஎம்டி டெஸ்ட் (கட்டியில உள்ள ஒரு ஜீன பாக்குறது) ரிசல்ட் அந்த பயாப்சி ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. அதுல மெத்திலேட்டட்னு இருந்தா மாத்திரை நல்லா கேக்க வாய்ப்பு உண்டு, இந்த பொய் வீக்கமும் அவங்களுக்குத்தான் கூடுதலா வரும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிய ரத்தத்துல கிரியாட்டினின் பாத்து வைக்கணும். அண்ணனோட கை நரம்பெல்லாம் ஊசி போட்டு போட்டு நொந்து கெடக்கு, ஆனா பெர்ஃபியூஷனுக்கு மருந்து வேகமா போகணும், சின்ன நீல ஊசி பத்தாது, ரோஸ் கலரோ பச்சையோ வேணும். அதனால முந்தின நாள்லேருந்தே நல்லா தண்ணி குடிக்கச் சொல்லுங்க, முழங்கை பக்கத்துல உள்ள நல்ல நரம்ப வேற எதுக்கும் குத்த விடாதீங்க.

அப்புறம் மூளை வீக்கத்த குறைக்கிற டெக்ஸா (ஸ்டீராய்டு) மாத்திரைய நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே, அது வேண்டாம் மைனி. திடீர்னு நிறுத்துனா ஆபத்து. இன்னிக்கே டாக்டர்கிட்ட போன் பண்ணி நிறுத்துன நாளையும் சேத்து சொல்லி, எப்படி குடுக்கணும்னு கேளுங்க. டோஸ் மாறுனா படத்துல வெள்ளையும் மாறும், அதனால எந்த தேதி எவ்வளவு குடுத்தீங்கன்னு ஒரு காலண்டர்ல குறிச்சு வைங்க. நாட்டு மருந்து பாக்கணும்னா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை காலையில வாறேன். சிடி எல்லாம் ஒரு பையில போட்டு வைங்க. திங்கக்கிழமை இரணியல்லேருந்து ரயில்ல மூணு பேருமா திருவனந்தபுரம் போயி, டாக்டர்கிட்ட பெர்ஃபியூஷன் எடுக்கலாமான்னு நேரடியா கேப்போம். கேள்விய நான் கேக்கேன், நீங்க அண்ணன் கைய பிடிச்சுகிட்டு இருந்தா போதும்.

ஒங்க கொழுந்தன்