பங்குனி, சித்திரைக் கச்சேரிகளில் கைகொடுத்தவர்களுக்கு

அண்ணன்மார், அக்கா, மாஸ்டர், ஐயா எல்லோருக்கும் எங்கள் மெல்லிசைக் குழுவின் வணக்கம்.

திருவிழா சீசன் நல்லபடியாக முடிந்தது. மேடையில் நின்றவர்களுக்கு அங்கேயே பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. இந்த மடல் மேடை ஏறாதவர்களுக்கு. யார் என்ன செய்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம், மற்ற ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கும் பயன்படட்டும்.

முதல் நன்றி, படம் படம் என்று அலையும் தம்பிக்கு. பழைய சினிமாப் பாட்டைப் பதிவில் கேட்டு, அப்படியே வாசிக்கக் காப்பி எடுக்கும்போது, சில சமயம் பாட்டு கீபோர்டில் எந்தக் கட்டையிலும் சேராமல் நடுவில் தொங்கும். கோளாறு பிரதியில் இருக்கிறது என்று பிடித்தவர் இவர். சினிமா வினாடிக்கு 24 பிரேம். டிவிக்காக அதை 25 பிரேமில் ஓட்டிப் பதிந்திருந்தால் படம் 4 சதவீதம் வேகமாகப் போகும், பாட்டும் 70 சென்ட் ஏறிவிடும். அரைக் கட்டை என்பது 100 சென்ட், அதற்குச் சற்றுக் குறைவு. பாடகர் குரல் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் சந்தேகப்படலாம். கணினியில் வேகத்தை 96 சதவீதத்துக்கு இறக்கி, சுருதியையும் கூடவே இறங்கவிட்டால் சரியாகிவிடும். தாளமும் 125லிருந்து 120க்கு வந்து நிற்கும். படத்தில் சரணத்தை வெட்டியிருப்பார்களே, அதற்கு இசைத்தட்டுப் பிரதியையும் தேடிக் கொடுத்தார்.

அடுத்து புல்லாங்குழல் ஐயா. காற்று ஒரு டிகிரி சூடானால் குழலின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். கிடார் கம்பியோ சூட்டில் நீண்டு இறங்கும். ஏசி அறையில் 24 டிகிரியில் ஒத்திகை பார்த்துவிட்டு 34 டிகிரி திறந்தவெளியில் ஏறினால், சேர்ந்திருந்த இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். வாசிப்பவர் உதட்டை வைத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம், வேகமான பிஜிஎம்மில் (பின்னணி இசையில்) அது நடக்காது. மூங்கிலை முறுக்க முடியாது. அதனால் ஐயா சொன்ன வரிசை இது: மேடை விளக்குகளைப் போட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். குழலை நன்றாக ஊதிச் சூடேற்ற வேண்டும். கீபோர்டின் மொத்தச் சுருதியையும் நகர்த்தும் மாஸ்டர் டியூனிங்கை, வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து நகர்த்திக் குழலோடு சேர்க்க வேண்டும். பெரும்பாலும் 443, 444 வரும். கிடாரும் பேஸும் கடைசியில். டியூனர் கருவியை 440லேயே விட்டுவிட்டால் இத்தனையும் வீண், அதிலும் கீபோர்டில் வைத்த அதே எண்ணை வைக்க வேண்டும்.

மைக் செட் அண்ணனைப் பற்றி எழுத ஒரு மடல் போதாது. ஊம் என்ற இரைச்சல் வந்தால் எர்த் பின்னைப் பிடுங்கிவிடு என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அண்ணன் அதற்கு இடம் கொடுப்பதே இல்லை. எர்த் இல்லாத ஆம்ப் கசிந்தால் 230 வோல்ட் கிடார் கம்பிக்கு வரும். உதடோ எர்த்தோடு சேர்ந்த மைக்கில் இருக்கும், கரண்ட் உடம்பு வழியாகப் பாய்ந்துவிடும். மிக்சர், கீபோர்டு, ஆம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுத்து, மிச்ச இரைச்சலை டிஐ பாக்ஸில் (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் போட்டு, அதாவது ஒலி ஒயரின் கிரவுண்டை மட்டும் துண்டித்து, அடக்குவார். மைக் கூவாமல் இருக்க மானிட்டர் (பாடகருக்குக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) வைக்கும் இடமும் கணக்குத்தான், அந்தந்த மைக் கேட்காத திசையில் வைக்க வேண்டும்: முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால், இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில், முன்பக்கத்திலிருந்து 120 டிகிரி வாக்கில். பாடகர் ஸ்டைலாக மைக்கின் வலையைக் கையால் பொத்தினால் பின்பக்கத் துளை அடைபட்டு, மைக் எல்லாத் திசையையும் கேட்க ஆரம்பித்துவிடும். கூவத்தான் செய்யும்.

ஜிம் மாஸ்டருக்கு நன்றி சொல்வது எங்கள் முதுகுகள். ஸ்பீக்கர் பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடித்து, இடுப்பை மடக்கி, காலால் தூக்கப் பழக்கினார். டிரம்ஸ், பேட் வாசிப்பவர்களின் முன்கை வலிக்கு ஒரு கிலோ டம்பெல்: உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டை உயர்த்தி, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். 12 தடவை, இரண்டு சுற்று. கச்சேரி நாளில் கூடாது.

காது டாக்டர் அக்கா சொன்ன கணக்கு ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்வரை இருக்கலாம்; அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். பஞ்சு வைத்தால் பிரயோஜனம் இல்லை. ஃபோம் பிளக்கை உருட்டி, காதை மேலும் பின்னும் இழுத்து, நுழைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, ஆறரைக்கே மேடையை ஒப்படைத்த விழாக் கமிட்டியாருக்கும், ராத்திரி இட்லி எடுத்துவைத்த அக்காமாருக்கும் நன்றி.

மைக் செட் அண்ணன் கவனத்துக்கு: உங்கள் பத்து மீட்டர் ஒயர் இரண்டு எங்கள் பெட்டியில் வந்துவிட்டது. ஒன்றின் பிளக்கில் மூன்றாம் பின்னின் இணைப்பு விட்டுப்போயிருந்தது, பற்றவைத்துவிட்டோம்.