டாஃப்னியாவுக்கும் வெயில் சுடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுயதொழில் பகுதியில், மீனுக்குத் தீனியாக வளர்க்கும் டாஃப்னியா என்ற பொடி நீருயிரியைப் பற்றி ஒரு வரி: "கோடை வெயிலில் டாஃப்னியா இருமடங்கு பெருகும், மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைத்தாலே போதும்." எழுதியவர் மே மாத மதியத்தில் சென்னை மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நின்று பார்த்தாரா?

கொளத்தூரில் அலங்கார மீன் வளர்த்துப் பிழைக்கிறவன் நான். பக்கத்து வீட்டுத் தம்பி உங்களை நம்பி, காசு கொடுத்துப் பெரிய ரக டாஃப்னியா வாங்கி, மாடியில் கறுப்பு டப்பில் விட்டான். மதியம் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 36 டிகிரி. மறுநாள் காலையில் எல்லாம் தவிடு மாதிரி அடியில் படிந்து கிடந்தது.

அந்தப் பெரிய ரகமான டாஃப்னியா மேக்னாவுக்கு 20 டிகிரிதான் சுகம். அந்தச் சூட்டில் பத்து நாளுக்குள் முதல் ஈடு குட்டி போடும். அப்புறம் மூன்று நாளுக்கு ஒரு தரம். ஓரளவு சூடு ஏறினால் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்பது உண்மைதான். அந்தப் பாதியை மட்டும் கட்டுரையாளர் எங்கோ படித்திருக்கிறார். சின்ன உடம்பிலேயே தாயாகும், ஈட்டுக்கு முட்டை குறையும், ஆயுசும் குறையும் என்கிற மீதியை யார் எழுதுவது? 30 டிகிரியை நெருங்கினாலே தடுமாறும். தண்ணீர் சுடச் சுட ஆக்சிஜனும் குறையும். அதற்கு மூச்சு அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். நம் கோடைக்குத் தாங்குவது டாஃப்னியா மாதிரியே இருக்கும், அதைவிடச் சின்னதான மொய்னா. 30 டிகிரியிலும் நாலைந்து நாளில் குட்டி போடும். அதைப் பற்றிக் கட்டுரையில் ஓர் எழுத்து இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. மீன்குஞ்சுக்குக் கொடுக்கும் பொடி உப்புநீர் இறாலான ஆர்ட்டீமியாவின் முட்டை பொரிக்க 'வெந்நீர்' என்று முன்பு போட்டீர்கள். 28 டிகிரியில் உப்புத் தண்ணீர், நல்ல வெளிச்சம், ஓயாத காற்றுக்குமிழி இருந்தால் ஒரே நாளில் பொரியும். எங்கள் தெரு வாண்டுகளுக்கே தெரியும். ஃபைட்டர் மீன் என்று கப்பி படத்தை அச்சிட்டதற்கு நான் எழுதிய கடிதம் என்னவாயிற்று? சரி, விடுங்கள். சந்தா முடிவதை மட்டும் தவறாமல் நினைவூட்டுகிறீர்கள், நன்றி.

அடுத்த இதழில் இரண்டே வரி போடுங்கள்: பெரிய டாஃப்னியாவை மார்கழி, தையில் ஆரம்பிக்கவும், மாடியில் வைத்தால் நிழல்வலை கட்டவும். ராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு மூலை போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கொளத்தூர், சென்னை.