செயலாளரின் ஆண்டறிக்கை: விதைப் பயறும் வண்டும்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் பேச வேண்டியது விதைப் பயற்றைப் பற்றித்தான்.

மாசியில் நெல் வெட்டிய ஈரத்தில் விதைத்த பயறு சித்திரைக் கடைசியில் கைக்கு வந்தது. விதைக்கென்று ஒதுக்கியதைக் காயவைத்து உரப்பைகளில் கட்டி வைத்தோம். ஆடியில் அவிழ்த்தபோது பையின் அடியில் மா கொட்டிக் கிடந்தது. பாதிக்கு மேல் ஓட்டை. அதை நம்பியிருந்தவர்கள் கடையில் விதை வாங்க வேண்டி வந்தது. அது இன்னும் என் மனத்தில் கிடக்கிறது.

அறை துப்புரவில்லை என்று சிலர் சொன்னார்கள். அறை துப்புரவாகத்தான் இருந்தது. பயறு வண்டு வயலிலேயே தொற்றிவிடுகிறது. முற்றிய நெற்றில் முட்டையிடும். புழு விதைக்குள் துளைத்துப் போனபின் சுளகில் புடைத்தாலும் தெரியாது. நம் வெக்கையில் மூன்று நாலு கிழமையில் வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். வந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை, ஒன்றிரண்டு கிழமைதான் உயிரோடிருக்கும். ஆனால் ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை பக்கத்துப் பயறுகளில் ஒட்டிவிடும். தோலில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அந்த முட்டைதான். அரிசியில் வரும் மூக்கு நீண்ட வண்டு வேறு, இது வேறு.

மிஞ்சிய நல்ல பயற்றைக் கறுப்புத் தறப்பாளில் மெல்லிசாகப் பரப்பி, மேலே வெளிச்சம் போகும் பொலித்தீன் மூடி, உச்சி வெயிலில் வைத்தோம். உள்ளே 57 பாகை செல்சியஸ் ஒரு மணித்தியாலம் நின்றால் முட்டை முதல் வண்டு வரை செத்துவிடும். ஆறவிட்டுப் பிளாஸ்டிக் பரலில் வாய்வரை நிரப்பி இறுக மூடினோம். குறையாக விட்டால் மேலே நிற்கும் காற்றே வண்டுக்குப் போதும். சிறிதளவு வைப்பவர்கள் கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய் பிரட்டலாம்.

வேப்பிலை மட்டும் போட்ட பெட்டியில் வண்டு வந்தது. மூத்த அங்கத்தவர் ஒருவருக்கு இது மனவருத்தம். "எங்கட அம்மா அதைத்தானே போட்டவா" என்றார். உண்மைதான். ஆனால் அந்த அம்மா சாம்பலும் கலந்து, மாதம் ஒருக்கா வெயிலிலும் காயவிட்டிருப்பா. இலையை வைத்துக்கொண்டு அந்த வேலையை விட்டது நாங்கள்தான்.

பணியாரத்துக்கு வைப்பதை முழுப் பயறாக வைக்காமல் வறுத்துக் குற்றி வையுங்கள். விதைப் பயற்றை அதோடு கலக்க வேண்டாம்.

வரும் அறுவடைக்கு முன் பொதுப் பரல்கள் வாங்க நிர்வாகம் தீர்மானித்துள்ளது. அதற்குச் சபையின் சம்மதத்தைக் கேட்கிறேன்.

செயலாளர்
கமக்காரர் சங்கம், வலிகாமம், யாழ்ப்பாணம்