உன் எட்டு அம்சத் திட்டம்

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். முட்டிவலி தேவலை. பெரியவன் வேலை மாறிவிட்டான். சின்னவள் வழக்கம்போல யாரோடும் பேசுவதில்லை. சரி, நலம் விசாரிப்பு முடிந்தது. இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாலு நிறத்தில் கோடு வேறு! விடியற்காலை 5 மணிக்கு விழிப்பு, நடை, மூச்சுப் பயிற்சி, ஒரு மணி நேரம் பிரெஞ்சு, 30 பக்கம் வாசிப்பு, டைரி, கைப்பேசியைத் தொடாத மாலை, 10 மணிக்குத் தூக்கம். ஹாஸ்டலில் நீ சுவரில் ஒட்டிய பரீட்சை அட்டவணைதான் ஞாபகம் வந்தது. வார்டன் அதைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உன் பிள்ளைகள் கடிதத்தைப் பிரித்துப் படித்தாலும் படிப்பார்கள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த என்னை, நேற்று வந்த உன் இரண்டு வரி நிறுத்திவிட்டது. "எல்லாம் விட்டுப்போச்சு. எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாது, இனிமே எதையும் ஆரம்பிக்கப்போறதில்லை." அட்டவணை போனதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. கடைசியில் சொன்னாயே, அதுதான் உறுத்துகிறது.

அதற்கு முன்னால் ஒரு செய்தி. மல்லிகா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். அதே ஆய்வேடுதான். அதே மல்லிகாதான். ஜனவரியில் டைரி வாங்கி மூன்று பக்கம் எழுதிவிட்டு மீதியை வண்ணான் கணக்குக்கு வைத்துக்கொள்வாளே, அவள்! முடிக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோதே நம்பாமல் நேரில் போய் இரண்டு நாள் தங்கிப் பார்த்தேன்.

அவள் வீட்டு ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை இருக்கிறது. அதில் ஆய்வேட்டு வேலை தவிர வேறெதுவும் செய்வதில்லை. மின்கட்டண ரசீதுகூட அங்கே வரக்கூடாது. காலையில் பல் துலக்கியதும் நேராக அங்கே போய் உட்காருகிறாள். கைப்பேசி ராத்திரியே அடுத்த அறை அலமாரிக்குள் போய்விடும். அலாரத்துக்காக அதைத் தலைமாட்டில் வைக்க வேண்டாம் என்று தனியாக ஒரு கடிகாரம் வாங்கியிருக்கிறாள். அரை மணி நேரம் ஆனதும் எழுந்துவிடுகிறாள், எழுத்து நன்றாக ஓடினாலும். நான் எட்டிப் பார்த்தபோது ஒரு வாக்கியம் 'ஆகையால் இந்தத் தரவுகளை' என்று பாதியில் நின்றுகொண்டிருந்தது. வேண்டுமென்றே அப்படி விடுவாளாம். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை, வாக்கியத்தை முடித்தால் போதும்.

"உனக்கு எங்கேருந்துடி இவ்வளவு மனஉறுதி வந்தது?" என்று கேட்டேன். "மனஉறுதி இருந்தா ஃபோனை எதுக்கு அலமாரில வச்சுப் பூட்டணும்?" என்றாள்.

நான் கேட்ட அத்தனை உபதேசங்களையும் இந்த ஒரு பதில் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கட்டுப்பாடு உள்ளவர்கள் என்றால் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆசைகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். 2012-இல் வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் ஜெர்மனியில் நடத்திய ஒரு ஆய்வு வெளிவந்தது. 205 பேர் கையில் ஆளுக்கொரு கருவி. ஒரு வாரம் அது அவ்வப்போது ஒலிக்கும். ஒலிக்கும்போது என்ன ஆசை இருக்கிறது, அதை அடக்கப் பார்த்தார்களா என்று சொல்ல வேண்டும். சுயகட்டுப்பாடு அதிகம் என்று அளவிடப்பட்டவர்கள்தான் குறைவாகப் போராடியிருந்தார்கள். அவர்களுக்குச் சபலமே அவ்வளவாகக் குறுக்கே வரவில்லை. நம் மல்லிகாவின் அலமாரி செய்வதும் அதைத்தானே.

அப்புறம் உன் 21 நாள் கணக்கு. 'இருபத்தொரு நாள் தள்ளிவிட்டால் பழக்கமாகிவிடும்' என்று அட்டவணையின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், தன்னிடம் வந்தவர்களுக்கு மாறிப்போன தங்கள் முகம் பழகவே குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அதில் 'குறைந்தது' என்பது எப்படியோ உதிர்ந்து, முகமும் உதிர்ந்து, எண் மட்டும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உண்மையில் அளந்து பார்த்தவர் லண்டனில் பிலிப்பா லாலி. 2009-இல் வந்த ஆய்வு அது. 96 பேர், ஆளுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கம், 12 வாரம். அது யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடு அளவு 66. (12 வாரத்தில் 254 நாள் எப்படி என்று நீ கேட்பாய். போகிற வேகத்தை வைத்து மீதியைக் கணித்தார்கள்.) தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சி இழுத்தடித்தது. உனக்காகவே நான் அடிக்கோடிட்டு வைத்தது வேறு: இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்தே போய்க்கொண்டிருந்தார்கள்.

நீ என்ன செய்தாய்? ஒரு நாள் 6 மணிக்கு எழுந்தாய். 5 மணி போய்விட்டது, இனி நடை எதற்கு, நடை இல்லாமல் மூச்சுப் பயிற்சி எதற்கு என்று வரிசையாக எட்டையும் விட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? காலண்டரில் டிக் அடித்துச் சங்கிலி கட்டுகிற வித்தையெல்லாம் உன் மாதிரி ஆட்களுக்கு ஆகவே ஆகாது என்பது என் கட்சி. காலிக் கட்டம் ஒன்று விழுந்தால் போதும், அடித்த டிக் ஒன்றுகூட உன் கண்ணுக்குத் தெரியாது.

கோமதி, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு நாள் தவறியதற்காக "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று உனக்கு நீயே தீர்ப்பெழுதுகிறாய். அம்மா போனதிலிருந்து இதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சீரியல் பார்த்ததற்கும் லாயக்கில்லை, தம்பி பேசாததற்கும் லாயக்கில்லை. அம்மா படுக்கையில் இருந்த அத்தனை காலமும் மருந்து ஒரு வேளை தவறாமல் கொடுத்தவள் நீ. மனக்கட்டுப்பாடு இல்லாதவள் செய்கிற வேலையா அது? மருந்து டப்பா கண்முன்னே இருந்தது, நேரம் சாப்பாட்டோடு ஒட்டியிருந்தது, எதற்காக என்பதும் தெரிந்திருந்தது. இந்த அட்டவணையில் அந்த மூன்றில் எது இருக்கிறது?

என் கணக்கில் உன் எட்டில் உனக்கு நிஜமாக வேண்டியது பிரெஞ்சு ஒன்றுதான். கல்லூரியிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன் அந்தப் புலம்பலை. மற்ற ஏழும் ஏதோ வீடியோவில் யாரோ சொன்னது. அதிலும் அந்த 5 மணி! விடிகாலையில் உன்னிடம் பேச்சுக் கொடுத்தால் கடித்துவிடுவாய், நீ எப்போதும் ராத்திரி ஆள்.

அதனால் மற்றதையெல்லாம் இப்போதைக்குத் தூக்கிப் போடு. ராத்திரி வாசல் கதவைத் தாழ்போட்டதும் 10 நிமிஷம் பிரெஞ்சு. அவ்வளவுதான். புத்தகத்தைத் தலையணை மேலேயே வைத்துவிடு, அதை நகர்த்தாமல் படுக்க முடியாதபடி. இப்படி 'இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய எழுதியிருக்கிறார். 2006-இல் அவரும் இன்னொருவரும் 94 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், வெறுமனே 'செய்வேன்' என்று தீர்மானிப்பதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது என்று தெரிந்திருக்கிறது. மல்லிகா இடைஞ்சலுக்கும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறாள். மேசைக்கு மேலே ஒரு துண்டுச்சீட்டு: 'விருந்தாளி வந்தால், அவர்கள் தூங்கியதும் ஒரு வரி.' நான் தங்கிய இரண்டு ராத்திரியும் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் படுத்தாள். ஒரே ஒரு வரிதான், எண்ணிப் பார்த்தேன்.

மல்லிகாவின் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்ததும் எழுதுகிறேன், மூன்று பேரும் சேர்ந்தே போகலாம். வரும்போது என் பச்சைக் குடையை எடுத்துவா. இல்லை என்று மறுபடியும் சாதிக்காதே. பதிலில் பிரெஞ்சில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு எப்படியும் புரியப்போவதில்லை.

அன்புடன்,
ராஜி