கல் மட்டும் போதாது, சங்கிலியும் வேண்டும்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கரையில் படகு கட்ட நிலையான நங்கூரக் கற்கள் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்கள் உங்கள் மேசையில் இருக்கின்றன. பழைய கதையை மறுபடி சொல்லவில்லை. போன கார்த்திகையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பாக் விரிகுடாவின் இந்தப் பக்கம் சேற்றுக்கரை. எங்கள் மீன்பிடிப் படகான வல்லத்தைக் கரையேற்ற வழியில்லை, எல்லாம் தண்ணீரில்தான் நிற்கும். வாடைக்காற்று ஏறினால் படகுக்கு ஒரு ஆள் காவல் படுக்க வேண்டும். அன்று எங்கள் வல்லத்தில் என் தம்பி மகன் இருந்தான். வயது 19. படகின் முன்பக்கமான அணியத்தில் கயிறு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, மணிக்கொரு தரம் கயிற்றை ஒரு சாண் விட்டு மறுபடி கட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரே இடத்தில் உரசினால் விடிவதற்குள் கயிறு பஞ்சாகிவிடும்.

எங்கள் கயிறு நின்றது. பக்கத்துப் படகின் நங்கூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அது குறுக்கே வந்து மோதும்போது கையால் தள்ளப் பார்த்திருக்கிறான். இரண்டு படகுக்கும் நடுவில் வலது கை சிக்கிக்கொண்டது. இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. வலை கோக்கிற கை, ஐயா அது.

பக்கத்துப் படகுக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் மண்ணைப் பிடிக்கும். இவ்வளவு நெருக்கத்தில் அத்தனை கயிறு விட யாருக்கு இடம் இருக்கிறது?

இதற்காகத்தான் சில ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் கல்லும் சங்கிலியும் மிதவையும் போட்டீர்கள். இரண்டு வாடை நிம்மதியாகத் தூங்கினோம். மூன்றாவது வாடையில் மிதவைகளைக் காணோம். எங்கள் பிள்ளைகள் முங்கிப் பார்த்தார்கள். சேற்றில் புதைந்து கிடந்த சங்கிலி நன்றாகவே இருந்தது. அலைக்கு எழுந்து எழுந்து தரையில் அடிபடும் பகுதியில், கட்டைவிரல் பருமன் இருந்த வளையம் பென்சில் அளவுக்குத் தேய்ந்து அறுந்திருந்தது. அந்த வளையத்தை உங்கள் அலுவலகத்துக்கே எடுத்துவந்து காட்டினேன். பராமரிப்புக்கு நிதி ஒதுக்கவில்லை என்றார்கள். கற்கள் இன்னும் கடலடியில் கிடக்கின்றன.

கல் மட்டும் போதாது, ஐயா. ஒரு டன் கான்கிரீட் கல்லே தண்ணீருக்குள் 600 கிலோகூடத் தேறாது. மீதிப் பிடிப்பைச் சேறும் கனத்த சங்கிலியும்தான் தர வேண்டும். அந்தச் சங்கிலியை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். சங்கிலியை இணைக்கும் ஷேக்கிள் கொக்கியின் ஆணி கழன்றுபோகாமல் கம்பி முறுக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தபோது இந்தக் கரையோரப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை எல்லோரும் வந்து பார்த்தார்கள். உடைந்த பிறகு கணக்கெடுக்க வருகிறவர்கள் உடையும் முன்பு ஏன் வருவதில்லை? 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கான பாதுகாப்பகம் என்று அறிவித்தீர்கள். அதை நாங்கள் மனதார வரவேற்கிறோம். ஆனால் ஒவ்வொரு நங்கூரமும் இழுபடும்போது கடல்பசு மேய்கிற புல்லைத்தானே வேரோடு பிடுங்குகிறது? நிலையான கல் இருந்தால் புல்லும் பிழைக்கும், படகும் பிழைக்கும்.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: கிடக்கிற கற்களுக்குப் புதுச் சங்கிலி, போதாத இடத்துக்குப் புதுக் கற்கள், ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று ஒரு தொகை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் இந்த வேலையை முடித்துவிடலாம். முங்கிப் பார்க்க எங்கள் பிள்ளைகளே வருவார்கள், கூலி வேண்டாம். சங்கிலியும் ஷேக்கிளும் மட்டும் அந்தத் தடைக்காலத்துக்கு முன் வந்து சேரும்படி தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பாக் விரிகுடாக் கரையின் வல்லக்காரன் ஒருவன்