கூடத்தில் அல்ல, கிரீனில் கற்பியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் மைதானப் பணியாளர்களுக்குப் புல்தரைப் பராமரிப்பில் பயிற்சி அளிக்கப்படுவது பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். ஆட்டக்காரர் அணிந்திருந்த தொப்பியின் நிறத்தைக்கூட விடாமல் எழுதும் பக்கத்தில், அவர் கால் பதிக்கும் புல்லை வளர்ப்பவர்களுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் கூடவே வெளியான படத்தைப் பார்த்தேன். அறை நிறைய நாற்காலிகள், எதிரே திரை, திரையில் புல்லின் படம். சன்னலுக்கு வெளியே நிஜமான புல் இருந்திருக்கும். அங்கே யாரும் நிற்கவில்லை.

கிரீன்கீப்பராக, அதாவது கோல்ஃப் மைதானப் புல்தரையைப் பராமரிப்பவனாக வேலைக்குச் சேர்ந்து, தலைமைப் பொறுப்பில் இருந்து, இப்போது புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் வேலையைச் செய்கிறவன் நான். இந்தத் தொழிலில் அறைக்குள் சொல்லித்தரக்கூடியது கால்வாசிதான். மீதியைப் புல்லின் மேல் நின்று, அதுவும் ஒரு முழுப் பருவம் நின்றுதான் கற்க முடியும்.

கோல்ஃப் ஆடாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கிரீன் என்பது குழியும் கொடியும் இருக்கும் சிறு திடல். அங்கே பந்து பறப்பதில்லை, உருள்கிறது. அதனால் புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி வைக்கிறோம். வெப்பமான பகுதிகளில் அது பெரும்பாலும் அருகம்புல்லின் குள்ளக் கலப்பின வகை. குளிர்ந்த பகுதிகளில் பென்ட் புல். வகை எதுவானாலும் அந்த உயரத்தில் இலை என்று மிஞ்சுவது சொற்பம். வேரும் அதற்கேற்பக் குட்டையாகிவிடும். புல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதன் மேல் ஓட்டப்படும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும், தெளிக்கப்படும் ஒவ்வொரு துளிக்கும் விளைவு உண்டு.

வெட்டும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் உருளைக் கத்திகள், அசையாத ஓர் அடிக்கத்தியை உரசியும் உரசாமலும் கடக்கும் இடத்தில் இலை நறுக்கப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய, ஒரு காகிதத் துண்டை நீட்டி உருளையைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்போம். (விரலை எங்கே வைக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.) அடிக்கத்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காகிதம் சுத்தமாக நறுக்குப்பட வேண்டும். ஓரிடத்தில் மடங்கினால் அந்த இடத்தில் புல்லும் கிழியும். அதற்குப் பயந்து அளவுக்கு மீறி இறுக்கினால் உலோகம் சூடேறிக் கத்தியின் விளிம்பு வீணாகும். மழுங்கிய கத்தியால் வெட்டிய கிரீன் காலையில் பார்க்க நன்றாகவே இருக்கும். மதியத்துக்கு மேல் நுனிகள் வெளிறிப்போகும். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். கிழிந்த நுனிகள் வழியே நோயும் நுழையும். இடைவெளி சரியாக இருக்கும்போது உருளை எழுப்பும் அந்த மெல்லிய ஓசையை எந்தத் திரையில் காட்டுவது?

இன்னொன்று. புதியவர்கள் முன்னே மட்டும் பார்த்து ஓட்டுகிறார்கள். ஹைட்ராலிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, சூடான எண்ணெய் பட்டுவிட்டால் அந்தப் புல் பிழைப்பது அரிது. சில நாட்களில் கிரீனின் குறுக்கே நேர்கோடாகப் பழுப்பு நிறம் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் தான் வந்த தடத்தை ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டுக் கொடுக்கலாம்தான். ஆனால் இதைக் கழுத்துக்கல்லவா பழக்க வேண்டும்!

தண்ணீரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. புல் வாடத் தொடங்கும்போது நீலம் கலந்த சாம்பல் நிறம் காட்டும். மிதித்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். இதைக் கண்டதும் அனுபவமில்லாதவர் கிரீன் முழுவதற்கும் நீர்த்தெளிப்பானைத் திறந்துவிடுவார். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய கிரீன்கள் பலவும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட பரிந்துரையை ஒட்டி அமைந்தவை: அடியில் சரளைக்கல், அதன் மேல் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் கலவை. மட்கும் வேரும் தண்டும் காலப்போக்கில் மணல் துகள்களின் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சை ஏற்படுத்துகின்றன. அப்படிப் பூச்சேறிய மணல் தண்ணீரை உள்ளே விடாது. மேட்டில் விழும் நீர் வழிந்து தாழ்வான பகுதியில் தேங்குகிறது. ஒரே கிரீனில் மேட்டுப் பகுதி தாகத்தால் சாக, தாழ்ந்த பகுதி காற்றில்லாமல் அழுகும். அங்கே மண்ணைத் தோண்டினால் கரிய அடுக்கும் அழுகிய முட்டை நாற்றமும் இருக்கும். அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவருக்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

எது தாகம், எது தேக்கம் என்று அறிய எளிய வழி இருக்கிறது. மண் எடுக்கும் குழாயைச் செருகி ஒரு மண்தண்டை உருவி எடுத்து, உலரவைத்துப் படுக்கவைத்து, மேலிருந்து கீழாகச் சிறு இடைவெளியில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உள்ளே இறங்காமல் உருண்டையாக நின்றால் அந்த ஆழத்தில் மணல் நீரை மறுக்கிறது. அந்த இடத்தை மட்டும் முள்கருவியால் குத்தி, மணலில் நீர் இறங்க உதவும் நனைப்பான் மருந்து கொடுத்து, கைக்குழாயால் பொறுமையாக நனைக்க வேண்டும். வெயில் உச்சத்தில் லேசாகத் தெளிக்கும் நீர் வேருக்குப் போவதற்கல்ல, இலையைக் குளிர்விப்பதற்கு. அதை எப்போது நிறுத்துவது என்பது கைக்குத் தெரிய வேண்டும். ஈரமானி நல்ல கருவிதான். அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது காட்டும் சதவீதம் இந்தக் கிரீனுக்கு அதிகமா குறைவா என்பதை, இந்தக் கிரீனோடு பழகியவர்தான் சொல்ல முடியும்.

அறைக்குள் கற்க வேண்டியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. மருந்து தெளிப்புக் கணக்கை முதலில் பலகையில் எழுதித்தான் புரியவைக்க வேண்டும். தெளிப்பு வண்டியில் நீர் பீச்சும் ஒரு முனையிலிருந்து நிமிடத்துக்கு 1 லிட்டர் வருகிறது, முனைகளுக்கு இடையே அரை மீட்டர், வண்டியின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 240 லிட்டர் விழும். வேகம் 4 கிலோமீட்டராகக் குறைந்தால் அதுவே 300 லிட்டர். தொட்டியில் கலந்தது சரியாக இருந்தும், வண்டி மெதுவாகப் போனதாலேயே மருந்து கால் பங்கு கூடிவிடுகிறது. கணக்கு இவ்வளவுதான். அடுத்து ஒவ்வொரு முனைக்கும் கீழே அளவுக்குவளையைப் பிடித்து, ஒரு நிமிடம் நீரைச் சேகரித்து, எது தேய்ந்துபோனது என்று கண்டுபிடிக்க வேண்டுமே? அதற்குக் கூடத்தை விட்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

கிரீனில் மணல் தூவும் வழக்கத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானக் கிரீன்கீப்பர் ஓல்ட் டாம் மோரிஸ் (1821–1908), பந்து செய்யும் பட்டறையில் ஆலன் ராபர்ட்சனிடம் தொழில் பழகியவர். அந்தக் காலத்துக் குருகுல முறையே போதும் என்று சில மூத்தவர்கள் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த முறையில் குருவின் தவறுகளும் சேர்ந்தே சீடருக்கு வந்துவிடும். ஏன் என்று கேட்டால் திட்டுதான் பதில். பூஞ்சைக்கொல்லியும் பாதுகாப்பு உடையும் வந்துவிட்ட தொழிலில் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

பயிற்சிக்கு அனுப்பப்படுவது யார் என்பது அடுத்த வருத்தம். பெரும்பாலும் மேற்பார்வையாளர்தான் போய்வருகிறார். விடியற்காலையில் இயந்திரத்தை ஓட்டுகிறவர், கைக்குழாய் பிடிக்கிறவர், குழி மாற்றுகிறவர் இடத்தை விட்டு நகர்வதில்லை; அவர் இல்லாவிட்டால் அன்றைய ஆட்டம் நடக்காது என்பது காரணமாம். அவ்வளவு முக்கியமானவருக்குத்தானே முதலில் கற்பிக்க வேண்டும்?

மேலே இருப்பவர்களுக்கும் ஒரு நாள் பாடம் வைக்கலாம். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் வடிவமைத்த சாய்வுக்கோலை, கிரீனில் பந்து எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளக்க இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறோம். ஒரு மைதானத்தின் கிரீன்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க அருமையான கருவி. நிர்வாகத்தில் இருப்பவர்களோ அதைத் தேர்வு மதிப்பெண்ணாக்கிவிட்டார்கள். எண் குறைந்தால் போதும், இன்னும் தாழ்வாக வெட்டு என்று கட்டளை வரும். புல்லை அழுத்தும் கன உருளையை ஓட்டியும், ஒரே நாளில் இருமுறை வெட்டியும், அடிக்கடி மெல்லியதாக மணல் தூவியும் வேகத்தைக் கூட்டலாம் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். கடும் வெயில் காலத்தில் வெட்டு உயரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நேரில் பார்ப்பது இன்னும் நல்லது.

அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்: பயிற்சி நடத்தும் ஒவ்வொரு மைதானமும், பணிமனைக்குப் பக்கத்தில், ஆட்டத்துக்குத் திறக்கப்படாத ஒரு சிறு கிரீனைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கட்டும். அது கெட்டுப்போகலாம் என்ற அனுமதியோடு ஒதுக்கட்டும். அங்கே கற்பவர் துளையிட்டு மணல் நிரப்பட்டும், தாழ்வாக வெட்டி என்ன ஆகிறது என்று பார்க்கட்டும், ஒரு மூலையைக் காயவிட்டு மீட்டெடுக்கட்டும். அந்த நேரத்துக்கும் ஊதியம் உண்டு என்பது எழுத்தில் இருக்கட்டும். தேர்வும் அங்கேயே நடக்கட்டும். 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியை வெட்டி, பழைய குழியைப் புல்கட்டியால் மூடுவதுபோல் எளிதாகத் தெரியும் வேலை வேறில்லை. கட்டி மயிரிழை உயர்ந்து நின்றாலும் வெட்டும் கத்தி அதன் தலையைச் சீவிவிடும். தாழ்ந்தால் பந்து திசைமாறும். ஆகவே தேர்வாளர் அன்றைக்கே மதிப்பெண் போட்டுவிட்டுப் போகாமல், மறுநாள் காலை இயந்திரம் அந்த இடத்தைக் கடந்த பிறகு வந்து குனிந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கிரீன்கீப்பர்