ஸ்கேனில் தெரியாத வலி: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னமும் ரவிக்கை ஓரம் பட்டால் துடித்துப்போகிறார். ஃபேன் காற்றுக்குப் பயந்து முந்தானையால் மூடினால், அந்த முந்தானை உரசியே எரிகிறது. மூன்று இடங்களில் காட்டினோம். "புண் ஆறிடுச்சு, ஸ்கேனும் நார்மல், உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். அதற்கப்புறம் அம்மா வலிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டார். எனக்குத் தாங்காதது அதுதான்.

ஸ்கேனில் உருவம் தெரியும், நரம்பில் ஓடும் மின்சாரம் தெரியாது. உங்களுக்குத் தெரியாததல்ல. சும்மா இருக்கும் நரம்பு செல்லின் உட்பக்கம், மின்னழுத்தத்தில் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்வாக இருக்கும். சூடு பட்டால், சோடியத்தைச் செல்லுக்குள் விடும் சோடியம் வாயில்கள் திறந்து, கண நேரத்தில் ஒரு மின்துடிப்பு கிளம்பித் தண்டுவடத்துக்கு ஓடும். அக்கிக் கிருமி சிதைத்த நரம்பிலோ, யாரும் தொடாமலே துடிப்பு கிளம்புகிறது. அது ஓயாமல் வந்து மோதினால் தண்டுவடத்துச் செல்களும் உசுப்பேறிவிடும். அப்புறம் துணி உரசுவதும் வலியாகத்தான் மூளைக்குப் போகும். தண்டுவடம் இப்படி மாறுவதை 1983-லேயே கிளிஃபர்ட் வுல்ஃப் என்ற வலி ஆய்வாளர் எலிகளில் காட்டிவிட்டார்.

இது மனப்பிரமை இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. வட பாகிஸ்தானில் பிறவியிலேயே வலி தெரியாத சில குடும்பத்தினரைப் பற்றி 2006-ல் ஆய்வு வெளியானது. அந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்த சிறுவன் ஒருவன் தெருவில் வித்தை காட்டியவன். தணலில் நடப்பான், கையில் கத்தியைக் குத்திக்கொள்வான். ஆய்வு சொன்ன காரணம், ஒரே ஒரு வகை சோடியம் வாயில் அந்தக் குடும்பத்தினருக்கு வேலை செய்யவில்லை. அதே வாயில் அளவுக்கு மீறித் திறந்தால் கை கால் சிவந்து எரியும் நோய் வருகிறது.

நான்காவதாகப் பார்த்த மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு துண்டுப் பஞ்சால் அம்மாவின் விலாவை லேசாகத் தடவினார். அம்மா அலறினார். "நரம்பு தப்பா சிக்னல் அனுப்புதும்மா, வலி நிஜம்தான்" என்று சொல்லி காபாபென்டின் என்ற நரம்புவலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். முழுதாகப் போகவில்லை. ஆனால் இரவில் நாலு மணி நேரம் தூங்குகிறார்.

அடுத்து ஒரு அம்மா இப்படி வந்து உட்கார்ந்தால், அந்தப் பஞ்சை எடுங்கள். "ஒண்ணும் இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்